பழைய கார்களின் ஹெட்லைட் வைப்பர்: பழுது பார்ப்பதா, கழற்றி விடுவதா?

புதுடெல்லி: பழைய வோல்வோ அல்லது மெர்சிடிஸ் பென்ஸ் கார்களின் முகப்பு விளக்குகளுக்குக் கீழே, பொம்மைக் காரில் இருந்து எடுத்துப் பொருத்தியது போல இரண்டு சின்னஞ்சிறு வைப்பர்கள் காணப்படுவதுண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகளைக் கடந்த இத்தகைய கார்கள் சீரமைப்புக்காகப் பணிமனைக்கு வரும்போது, இந்தச் சிறிய வைப்பர்கள் பெரும்பாலும் இயங்கும் நிலையில் இருப்பதில்லை. அவற்றைச் செலவு செய்து சரிசெய்வதா, அல்லது கழற்றி எறிந்துவிட்டு விளக்கை மட்டும் வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்குப் பல பணிமனைகளில் யோசிக்காமலேயே விடை சொல்லப்படுகிறது. "நம்ம ஊருக்கு இது தேவையில்லை, எடுத்துவிடலாம்" என்பதே அந்த விடை. அது எப்போதும் சரியான விடை அல்ல. அதே நேரம், எந்த நிலையிலும் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற எதிர்வாதமும் சரியல்ல.

அம்பாசடர், பிரிமியர் பத்மினி, மாருதி 800 என இந்தியச் சாலைகளை ஆண்ட கார்கள் எதிலும் இந்த வசதி இருந்ததில்லை. இறக்குமதியான ஐரோப்பிய கார்களில்தான் இது வந்தது. வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள் உடன் கொண்டுவந்தவை, தூதரகங்கள் பயன்படுத்திய பின் விற்பனைக்கு வந்தவை ஆகியவை இவற்றில் அடங்கும். ஆகவே இந்திய மெக்கானிக்குகளில் பலர் இந்த அமைப்பைப் பிரித்துப் பார்த்ததே இல்லை என்பதில் வியப்பில்லை.

எங்கிருந்து வந்தது?

முகப்பு விளக்கைத் துடைக்கவும் கழுவவும் தனி அமைப்பைக் காரில் முதன்முதலில் கொண்டுவந்தது ஸ்வீடனின் சாப் நிறுவனம். 1970-ஆம் ஆண்டு அறிமுகமான அந்த வசதி, அதன் 99 மாடலில் இடம்பெற்றது. ஸ்வீடனின் குளிர்காலத்தை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். அங்கு ஆண்டின் பல மாதங்கள் பகல் மிகக் குறைவு. சாலையில் உருகும் பனி, உப்பு, மணல், சேறு எல்லாம் கலந்த கூழை முன்னால் செல்லும் வண்டி பின்னால் வருவதன் மீது வாரி இறைக்கும். முன்கண்ணாடியை வைப்பர் துடைத்துவிடுவதால் ஓட்டுநருக்குப் பாதை தெளிவாகவே தெரியும். ஆனால் விளக்குகள் மெல்ல மெல்ல மங்குவதை அவர் உணர்வதில்லை.

இதைத் தொடர்ந்து வோல்வோ, மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ. ஆகிய நிறுவனங்களும் தங்கள் மாடல்களில் இதே போன்ற அமைப்பை வழங்கின. வோல்வோவின் 240, 740 மாடல்களிலும், மெர்சிடிஸின் டபிள்யூ 123, டபிள்யூ 126, டபிள்யூ 124 வரிசைகளிலும் இதைக் காணலாம். டபிள்யூ 124 வரிசை கார்கள் 1995 முதல் புனேயில் உருவாக்கப்பட்டவை என்பதால் இந்தியாவில் அவற்றின் எண்ணிக்கை ஓரளவு அதிகம். எனினும் அந்த வரிசையின் எல்லா கார்களிலும் ஹெட்லைட் வைப்பர் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பல சந்தைகளில் அது கூடுதல் பணம் கொடுத்துப் பெற வேண்டிய வசதியாகவே இருந்தது.

அழுக்கு செய்யும் இரட்டைத் தீங்கு

விளக்குக் கண்ணாடியில் படியும் அழுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. அதைவிட மோசமான மற்றொன்றையும் அது செய்கிறது. டிம் வெளிச்சம் என்பது எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும்படி ஒரு கோடு போல வெட்டி வடிவமைக்கப்பட்டது. கண்ணாடியில் உள்ள தூசித் துகளும் சேறும் அந்த ஒளியைச் சிதறடித்து, கோட்டுக்கு மேலேயும் அனுப்பிவிடுகின்றன. விளைவாக, ஓட்டுநருக்குச் சாலை தெரிவது குறைகிறது. எதிரே வருபவருக்குக் கண் கூசுவது அதிகரிக்கிறது. தன் விளக்கு மங்கிவிட்டதே என்று ஓட்டுநர் பிரைட்டைப் போட்டால் நிலைமை மேலும் கெடும்.

இதனால்தான் விளக்குத் துப்புரவு அமைப்புகளுக்கென ஐ.நா. வாகன விதிமுறைகளில் 45 என்ற எண் கொண்ட தனி விதியே உள்ளது. விளக்கின் ஒளி ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் அளவுக்கு அழுக்கைப் பூசி, பிறகு அமைப்பை இயக்கி, எவ்வளவு ஒளி மீண்டது என்று அளப்பதே அதன் சோதனை முறை.

எப்படி இயங்குகிறது, எங்கே கெடுகிறது?

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சிறிய மின் மோட்டார். அதனுள் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள். துடைத்து முடித்ததும் கையைச் சரியாக ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தும் ஒரு மின்தொடர்பு. கையோடு ஒட்டிச் செல்லும் மெல்லிய குழாய் வழியே தண்ணீர் பீய்ச்சும். பல மாடல்களில் விளக்கு எரியும்போது முன்கண்ணாடி வாஷரை இயக்கினால் இதுவும் சேர்ந்து இயங்கும்.

இந்த மோட்டார் அமர்ந்திருக்கும் இடம்தான் அதன் பலவீனம். பம்பருக்கு மேலே, விளக்குக்கு அருகே, சாலைத் தண்ணீர் நேராகத் தெறிக்கும் இடத்தில் அது இருக்கிறது. வெளியே நீளும் எஃகுத் தண்டு, அதைச் சுற்றியுள்ள உலோகக் கூட்டுக்குள் துருவேறி இறுகிவிடுகிறது. மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடலோர நகரங்களில் நின்ற கார்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒருமுறைகூட இயக்கப்படாத மோட்டார், ஒரு நாள் தற்செயலாக வாஷரை அழுத்தும்போது சுழல முயன்று, முடியாமல், அதிக மின்சாரத்தை இழுக்கிறது.

அந்நேரம் பியூஸ் போனால் நல்லது. ஆனால் சில மாடல்களில் அந்த பியூஸ் வேறு கருவிகளுக்கும் பொதுவானது. அடைமழையில் முன்கண்ணாடி வாஷரோ வைப்பரோ திடீரென நின்றுபோனதற்குக் காரணம், யாரும் நினைத்துப் பார்க்காத ஹெட்லைட் வைப்பராக இருக்கக்கூடும். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று அதைவிடப் பெரிய பியூஸைச் செருகுவது இந்திய எலெக்ட்ரீஷியன்கள் சிலரின் வழக்கம். முப்பது ஆண்டு பழைய ஒயரில் அது தீயை விலைக்கு வாங்குவதற்குச் சமம்.

மற்றொரு பழுது கண்ணுக்கே தெரியும். கையை ஓரத்தில் நிறுத்த வேண்டிய மின்தொடர்பு தேய்ந்துவிட்டால், வைப்பர் விளக்கின் நடுவிலேயே நின்றுவிடும். சாலையில் விழ வேண்டிய ஒளியில் அதன் நிழல் விழும். அந்த நிலையில் பலர் கையாலேயே அதைத் தள்ளி ஓரம் கட்டுகின்றனர். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் நொறுங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஆக, இயங்கும் வைப்பரால் பயன் உண்டு. முறையாக அகற்றப்பட்ட வைப்பரால் தீங்கு இல்லை. பாதி செத்த நிலையில், மின்சாரத்தோடு இணைந்தபடியே விடப்படும் வைப்பர்தான் ஆபத்து. பெரும்பாலான பழைய கார்களில் இன்று இருப்பது இந்த மூன்றாவது நிலை.

முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியை

பழுது பார்ப்பதா, கழற்றுவதா என்பதை முடிவு செய்யும் முதல் கேள்வி மோட்டாரைப் பற்றியது அல்ல. விளக்கின் முகப்பு எதனால் ஆனது என்பதே. இந்த வைப்பர்கள் உண்மையான கண்ணாடி முகப்புக்காக உருவாக்கப்பட்டவை. பின்னர் பாலிகார்பனேட் எனப்படும் தெளிந்த பிளாஸ்டிக் முகப்புகள் பரவலானபோது ரப்பரால் துடைக்கும் முறை கைவிடப்பட்டது. பிளாஸ்டிக்கின் மேல்பூச்சை மணலோடு சேர்ந்த ரப்பர் கீறிவிடும். அதனால் அழுத்தத்தோடு தண்ணீரை மட்டும் பீய்ச்சும் முறை வந்தது. விளக்குகள் சாய்வாகவும் வளைவாகவும் மாறியதும் வைப்பர் மறைந்ததற்கு மற்றொரு காரணம்.

பழைய காருக்கு அசல் கண்ணாடி விளக்கு கிடைக்காமல், பிளாஸ்டிக் முகப்பு கொண்ட மாற்று விளக்கைப் பொருத்தியிருந்தால், விவாதத்துக்கே இடமில்லை. வைப்பரை அகற்றியே ஆக வேண்டும். விரல் நகத்தால் தட்டிப் பார்த்தாலே கண்ணாடியின் கணீர் ஒலிக்கும் பிளாஸ்டிக்கின் மந்த ஒலிக்கும் வேறுபாடு தெரிந்துவிடும்.

மாற்று விளக்கை வெளிநாட்டில் இருந்து வரவழைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியுள்ளது. ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற நாடுகளில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்வதால், அங்குள்ள விளக்கின் டிம் ஒளி வலது ஓரத்தை நோக்கி உயர்ந்து விழும். அதே விளக்கு இந்தியாவில் எதிரே வருபவரின் கண்ணில்தான் பாயும். இடப்புறம் செல்லும் நாடுகளுக்கான விளக்கையே கேட்டு வாங்க வேண்டும். வைப்பர் எவ்வளவு சுத்தமாகத் துடைத்தாலும் தவறான விளக்கைச் சரிசெய்துவிட முடியாது.

இந்தியச் சாலைக்கு இது தேவையா?

பனி பொழியாத நாட்டுக்கு எதற்கு என்ற வாதம் பாதி மட்டுமே உண்மை. பருவமழைக் காலத்தில் மும்பை–கோவா நெடுஞ்சாலையில் லாரிகளின் பின்னால் செல்லும் காரின் விளக்கில், சில கிலோமீட்டருக்குள் செம்மண் குழம்பு படிந்துவிடும். அத்தகைய ஈரச் சேற்றுக்கு இந்த வைப்பர் மிகப் பொருத்தமானது. டெல்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசத்தின் குளிர்கால மூடுபனியில் ஈரமும் தூசியும் கலந்து படியும்போதும் அது உதவும்.

கோடைக்கால வறண்ட தூசியில் கதை வேறு. தண்ணீர் வராமல் ரப்பர் மட்டும் ஓடினால், தூசியே உப்புக்காகிதம் போல் மாறிக் கண்ணாடியைத் தேய்த்துவிடும். தண்ணீர்க் குழாய் அடைபட்ட, ஆனால் மோட்டார் மட்டும் நன்றாக ஓடும் கார்களில் விளக்குக் கண்ணாடியில் வில் வடிவக் கீறல்கள் விழுந்திருப்பது இதனால்தான். மோட்டாரைச் சரிசெய்து தண்ணீரை மறப்பது, அரைகுறை வேலை என்பதைவிடக் கெடுதல் வேலை.

நகருக்குள் வார இறுதியில் மட்டும் ஓடும் காருக்கு, பெட்ரோல் நிலையத்தில் நிற்கும்போது ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பதே போதும். இரவில் நெடுஞ்சாலைப் பயணம் செய்யும் காருக்குத்தான் பழுது பார்க்கும் செலவு நியாயமாகிறது.

சரிசெய்வது எனில்

மோட்டார் இறுகியிருக்கிறதா என்று அறிய, முதலில் வைப்பர் கையைத் தண்டில் இருந்து கழற்றிவிட்டு, பியூஸ் வழியே 12 வோல்ட் மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பான முறை. சுழன்றால், கோளாறு ஒயரிங்கிலோ ரிலேயிலோ இருக்கிறது. சுழலாமல் முனகினால், தண்டு இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். துரு நீக்கும் எண்ணெயில் ஊறவைத்து, தண்டைப் பக்குவமாக வெளியே எடுத்து, துருவைத் தேய்த்து, புதிய கிரீஸும் ரப்பர் வளையமும் போட்டால் பல மோட்டார்கள் உயிர் பெறும். உள்ளே பல்சக்கரம் நொறுங்கியிருந்தால் பழைய உதிரிபாகச் சந்தையை நாட வேண்டியதுதான். இடது, வலது மோட்டார்களும் கைகளும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது; பல மாடல்களில் அவை வேறு வேறு.

ரப்பர் பிளேடு கிடைக்கவில்லை என்பதற்காக வேலையை நிறுத்த வேண்டியதில்லை. முன்கண்ணாடி வைப்பரின் ரப்பர் பட்டையை அளவாக வெட்டிப் பொருத்துவது நெடுநாளைய வழக்கம். தண்ணீர்த் துளையை மெல்லிய ஊசியால் திறந்துவிடலாம். அது மீண்டும் அடைபடாமல் இருக்க வாஷர் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல் இருப்பது நல்லது. அதிலுள்ள உப்பு காய்ந்து துளையிலேயே படியும். பிறகு மாதம் ஒருமுறையாவது அமைப்பை இயக்க வேண்டும். பயன்படுத்தாமல் விட்டதே முதல் பழுதுக்குக் காரணம்.

கழற்றுவது எனில்

ஒயரை வெட்டுவது கூடவே கூடாது. மோட்டாரின் இணைப்பானைப் பிரித்து, அதன் வாயில் தண்ணீர் புகாதபடி மூடி, அசையாமல் கட்டி வைக்க வேண்டும். தனி பியூஸ் இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். தண்ணீர்க் குழாயை அப்படியே தொங்கவிட்டால், ஒரே பம்ப் இரண்டுக்கும் பொதுவாக உள்ள கார்களில் முன்கண்ணாடிக்குப் போக வேண்டிய தண்ணீர் கீழே வழிந்துவிடும். ஆகவே குழாய் பிரியும் இடத்திலேயே அடைப்பு போட வேண்டும். தண்டு வெளிவந்த துளைக்கு ஒரு ரப்பர் மூடி தேவை. கைகளை மட்டும் எடுத்துவிட்டு மோட்டாரை மின்இணைப்போடு உள்ளேயே விடுவது, பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும், பியூஸ் ஆபத்தை அப்படியே விட்டுவைக்கிறது.

கழற்றிய கைகள், மோட்டார்கள், நட்டுகள், மூடிகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு இடது, வலது என எழுதிப் பத்திரப்படுத்துவது அவசியம். அவற்றின் மதிப்பு பின்னர் தெரியவரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிபட எடுத்துரைத்தது. அனுமதியற்ற மாற்றத்துக்கு உரிமையாளர் மீது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க, அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டம் வழிசெய்கிறது.

ஹெட்லைட் வைப்பர் பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரம் அல்ல. எனவே அதை முறையாக அகற்றுவது அந்த விவரங்களை மாற்றுவதாகாது. மாறாக, 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கச் செல்லும்போது, ஆய்வில் விளக்குகள் சரியாக எரிகின்றனவா, முன்கண்ணாடி வைப்பர் இயங்குகிறதா என்பவை பார்க்கப்படும். விளக்கின் குறுக்கே நின்றுபோன வைப்பர் அங்கே சங்கடத்தை உண்டாக்கக்கூடும். இறக்குமதி செய்யப்பட்ட பழைய கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.40,000 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. புதுப்பித்தலுக்குப் பெருந்தொகை செலுத்தும் உரிமையாளர், சிறு பழுதுக்காக மீண்டும் ஒருமுறை அலைய விரும்பமாட்டார்.

ஐம்பது ஆண்டுகளை நெருங்கும் கார்களுக்குக் கணக்கு முற்றிலும் வேறு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவில் இருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவிலேயே பராமரிக்கப்படும் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்து ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்க ரூ.5,000. அவற்றைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்ட முடியும். 1970-களில் பதிவான கார்கள் இப்போது ஒவ்வொன்றாக இந்த வயதை எட்டுகின்றன. இவற்றில் அசல் பாகங்கள் எவ்வளவு முழுமையாக உள்ளன என்பதே மதிப்பு. இயங்காவிட்டாலும், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, கைகளைச் சரியாக ஓரத்தில் பொருத்தி வைப்பது இத்தகைய கார்களுக்கு ஏற்ற இடைவழி.

பணம் முதலில் எங்கே போக வேண்டும்?

விளக்கு மங்கலாக இருக்கிறது என்பதற்காக வைப்பரில் செலவு செய்யத் தொடங்குவது தலைகீழான வரிசை. பழைய கார்களில் மங்கலுக்கு முதல் காரணம் பெரும்பாலும் உள்ளே கருத்துப்போன பிரதிபலிப்பானும், துருவேறிய மின்இணைப்புகளும்தான். ஹாலஜன் பல்புக்கு வந்து சேரும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால், ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் இந்த இழப்பு மீளாது. நல்ல ரிலே, தடிமனான ஒயர், சுத்தமான எர்த் இணைப்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, வெளிநாட்டில் இருந்து ஒரு ஜோடி வைப்பர் மோட்டார் வரவழைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். பிரகாசம் வேண்டும் என்று ஹாலஜன் விளக்குக் கூட்டுக்குள் செனான் அல்லது எல்.இ.டி. பல்பைச் செருகுவது தீர்வு ஆகாது; அந்தக் கூடு அவற்றுக்காக வடிவமைக்கப்படாததால் ஒளி கட்டுப்பாடின்றிச் சிதறும்.

புதிய கார்களிலும் இந்தத் துப்புரவு அமைப்பு முழுமையாக மறைந்துவிடவில்லை. டிம் விளக்கின் ஒளிமூலம் 2,000 லூமென்ஸைத் தாண்டினால் துப்புரவு அமைப்பு கட்டாயம் என்று ஐ.நா.வின் 48-ஆவது விதி கூறியதால், செனான் விளக்கு கொண்ட கார்களின் பம்பரில் நீர் பீய்ச்சும் சிறு குழாய்கள் இடம்பெற்றன. அந்த அளவுக்குக் கீழே நிற்கும்படி உற்பத்தியாளர்கள் பின்னர் 25 வாட் செனான் பல்புகளைப் பயன்படுத்தி, அந்தக் குழாய்களின் செலவையும் மிச்சப்படுத்தினர்.

பழைய காரை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் குனிந்து பார்க்கும் இடங்களில் ஒன்று விளக்குகளின் கீழ் ஓரம். அங்கே ரப்பர் மூடியிட்ட இரண்டு துளைகள் தெரிந்தால், அவர் கேட்கும் அடுத்த கேள்வி அந்தப் பாகங்கள் இருக்கின்றனவா என்பதே. கழற்றியவற்றை எழுதி வைத்த பையை அப்போது டிக்கியில் இருந்து எடுத்துக் கொடுக்க முடிந்தால், விலைப் பேச்சு எளிதாகும்.